எங்கே நிற்பது என்று தெரியாத குழந்தை

18 ஆண்டுகளாக வீட்டின் முன்னறையில் வயலின் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்தத் தொழிலில் எனக்கு முதல் பாடம் நடத்தியவள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. ஐந்து வகுப்புகளுக்கு வந்தாள். ஆறாவது வாரம் வரவில்லை. ஏழாவது வாரமும் வரவில்லை. அவளுடைய அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “மிஸ், அவளுக்கு உங்களைப் பிடிக்கும். வயலினும் பிடிக்கும். ஆனால் உள்ளே வந்ததும் எங்கே நிற்பது என்றே தெரியவில்லையாம். அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்களோ என்று வயிற்றைப் பிசைகிறதாம்.”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நான் அந்த அறையை வரவேற்பின் உச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு இளமஞ்சள் வண்ணம், ஜன்னலோரம் செடிகள், கதவைத் திறக்கும்போதே ஒரு பெரிய சிரிப்பு. எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர் கண்டிப்பானவர். வில்லால் மேசையைத் தட்டியே தாளம் போடுவார். நான் அப்படி இருக்கக் கூடாது என்று சபதம் எடுத்திருந்தேன். ஆகவே எல்லாவற்றையும் தளர்த்திவிட்டேன். “எங்கே வேண்டுமானாலும் நில், கண்ணா. எதை வேண்டுமானாலும் வாசி.” அதைச் சுதந்திரம் என்று நான் நினைத்தேன். வயலினை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே இன்னும் குழம்புகிற பிள்ளைக்கு அது நடுக்கடல். பரிச்சயமில்லாத வீடு, பரிச்சயமில்லாத பெரியவர், கையில் உடைந்துவிடுமோ என்று பயப்பட வைக்கும் ஒரு பொருள். அதற்கு மேல் “உன் இஷ்டம்” என்றால் பாவம், அவள் என்னதான் செய்வாள்?

அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை. வற்புறுத்தவும் எனக்கு மனமில்லை. ஆனால் அதற்கடுத்த வாரமே வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு பெரிய அட்டையைத் தரையில் விரித்து, பாதங்களை அதன்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்தேன். சேர்ந்திருக்கும் பாதங்கள் ஓய்வு நிலை. சற்று அகன்று, இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருப்பது வாசிக்கும் நிலை. இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. சிறு பிள்ளைகளுக்கு வயலின் கற்பிப்பவர்கள் பலரும் நெடுங்காலமாகச் செய்துவருவதுதான். நிற்கும் முறைக்கான பயிற்சி என்றுதான் நானும் அதைப் பற்றிப் படித்திருந்தேன். அதன் இன்னொரு பயன் அன்றுதான் புரிந்தது. கதவைத் தாண்டி வந்த பிள்ளை என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தன் பெயர் எழுதிய அட்டையைத் தேடி எடுத்துப் போட்டு, அதன்மேல் போய் நின்றுகொள்ளும். அந்த அறையில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது.

அதன் பிறகு வகுப்பின் வரிசையையும் நிலையாக்கினேன். பெட்டியைத் தாழ்வான பெஞ்சில் வைத்துத் திறப்பது, வில்லை முறுக்குவது, வில்லின் முடியில் ரோசின் என்ற பிசின் கட்டியைத் தேய்ப்பது, நான் சுருதி சேர்க்கும்வரை அந்த வாரத்தில் நடந்த ஏதாவதொன்றைச் சொல்வது. முதலில் வாசிப்பது எப்போதும் ஏற்கெனவே நன்றாக வரும் பழைய பாட்டு. புதியது நடுவில். கடைசி ஐந்து நிமிடம் பிள்ளை கேட்பது எதுவோ அது. எட்டாவது வாரத்தில் ஒரு சிறுவன், நான் வாய் திறப்பதற்குள் “இப்போது பழைய பாட்டு, மிஸ்” என்று ஆரம்பித்துவிட்டான். அந்த அதிகாரக் குரலைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது; நிம்மதியாகவும் இருந்தது.

அறையைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும். வெற்றுச் சுவர்கள் எதிரெதிரே இருக்கும் சிறிய அறையில் வயலின் ஒலி சுவருக்குச் சுவர் மோதிச் சிதறும். ஆரம்ப மாணவரின் வில்லில் எழும் கீச்சொலி அங்கே இன்னும் கொடூரமாகக் கேட்கும். தான் உண்மையில் வாசிப்பதைவிட மோசமாக வாசிப்பதாகவே அவருக்குத் தோன்றும். ஒரு சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலுக்குக் கனமான திரை, தரையில் விரிப்பு. இவ்வளவு போதும். ஒலித்தடுப்புப் பலகைகளை விற்பவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். மற்றது, கதவு. என் அறைக் கதவின் மேல்பாதி கண்ணாடி. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், உள்ளே வந்தும் உட்காரலாம். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, எனக்கும் பாதுகாப்பு.

தொடுதல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வில் பிடிக்கும் விரல்களை வாயால் சொல்லித் திருத்துவது கடினம். நாமே பிடித்துவைக்கத்தான் கை போகும். எனக்குக் கற்றுத்தந்தவர்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும்: “சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டட்டுமா?” வேண்டாம் என்றால் என் வில்லை என் கையில் பிடித்துக் காட்டுவேன், இல்லையென்றால் பிள்ளையின் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்துப் பழக்குவேன். ஒலிகளும் தொடுதலும் எளிதில் தாங்காத சிறுவன் ஒருவன் மூன்று ஆண்டுகள் என்னிடம் படித்தான். முதல் ஆண்டு முழுதும் நான் அவனைத் தொட்டதே இல்லை. எதிரே நிற்பதும் அவனுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில், அவன் பார்க்கும் திசையையே பார்த்தபடி நின்றேன். மிக உயர்ந்த ஒலி தரும் இ தந்தியைப் பல மாதங்கள் தொடவே இல்லை. நடுத் தந்திகளான டி, ஏ இரண்டிலும் முதலில் விரலால் மீட்டி, பிறகு வில்லால். அவனுக்காகச் செய்த இந்த மாற்றங்களில் பாதியை இன்று எல்லாப் புதியவர்களுக்கும் செய்கிறேன். எல்லாருக்குமே அது இதமாகத்தான் இருக்கிறது.

முதல் மாதம் வாத்தியத்தின் மாதம். அதில் நடக்கும் விபத்துகள் ஆண்டுதோறும் ஒன்றுதான். புது வயலின் வாங்கிய வீட்டிலிருந்து இரண்டாம் நாள் அழைப்பு வரும்: “மிஸ், சத்தமே வரவில்லை. கடையில் ஏமாற்றிவிட்டார்கள்.” யாரும் ஏமாற்றவில்லை. புது வில்லின் குதிரை முடியில் ரோசின் இல்லை, அவ்வளவுதான். ரோசின் கட்டியும் புதிதாக இருந்தால் கண்ணாடிபோல் வழுக்கும். உப்புத்தாளால் லேசாக உரசினால்தான் பொடி ஒட்டும். இதை முதல் நாளே செய்துகாட்டாவிட்டால், பிள்ளை ஒரு வாரம் முழுக்கத் தன்னால்தான் ஒலி வரவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய விபத்து ஒன்றும் நடந்தது. அதற்கு நானே பொறுப்பு. ஒரு மாணவியின் அப்பா அக்கறையோடு வயலினைத் துடைக்க உட்கார்ந்தார். நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்திக் கழற்றிவிட்டார். தந்திகளைத் தாங்கி நிற்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டு விழுந்தது. உள்ளே மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையில் ஒட்டப்படாமல், இறுக்கத்தால் மட்டுமே நிற்கும் சின்ன மரக்குச்சியும் சாய்ந்துவிட்டது. இத்தாலிய மொழியிலும் பிரெஞ்சிலும் அந்தக் குச்சிக்கு ‘ஆன்மா’ என்றே பெயர். அது விழுந்த வயலினை உள்ளே உருளும் சத்தத்தோடு எடுத்துவந்தார் அந்த மனிதர். முகத்தில் குற்றவாளியின் களை. தந்தியை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ‘யாரும்’ நான்தான். இப்போது முதல் நாளில் ஒரு தாள் கொடுக்கிறேன்: வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்துங்கள், தந்தியை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், வெயிலில் நின்ற வண்டிக்குள் வயலினை விட்டுவைக்காதீர்கள், தந்தியை முறுக்கும் பிரடை வழுக்கினால் என்னிடம் கொண்டுவாருங்கள், நீங்களாகத் திருக வேண்டாம்.

அளவு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. “வளர்கிற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கிவிடுகிறோமே” என்பார்கள், சட்டை வாங்குவதுபோல. பெரிய வயலினைப் பிடித்த சிறு கை எட்டாமல் இழுபட்டு, தோள் உயர்ந்து, கழுத்து சாய்ந்துவிடும். அந்தப் பழக்கத்தை மாற்ற இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். இந்த அளவுகளின் பெயர்களும் ஆளை ஏமாற்றும். முழு அளவு வயலினின் உடல் நீளம் சுமார் 35.5 செ.மீ. 1/2 என்று பெயரிட்டது அதில் பாதி இருக்காது, 30 செ.மீ.க்கு மேலேயே இருக்கும். ஆகவே வயதைக் கேட்டு வாங்காமல், இடது கையை நீட்டச் சொல்லி வயலினை வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய மாணவர்கள் வளர்ந்துபோய் விட்டுச்சென்ற 1/8, 1/4, 1/2 அளவு வயலின்கள் நான்கைந்து என்னிடம் சேர்ந்திருக்கின்றன. முதல் மூன்று மாதங்களுக்கு அவற்றை இரவல் தருகிறேன். வாங்கிவிட்டோமே என்ற கட்டாயம் இல்லாத வீட்டில் பிள்ளை நிம்மதியாகக் கற்கிறது.

இனி பெற்றோர். வயலின் கற்பித்தலில் பெற்றோரை வகுப்புக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் ஷினிச்சி சுசூகி (1898–1998). குழந்தைகள் தாய்மொழியைக் கற்பதுபோலவே கேட்டும், திரும்பத் திரும்பச் செய்தும் இசையைக் கற்க முடியும் என்று நம்பியவர். பிள்ளைக்குக் கற்றுத்தருவதற்கு முன் அம்மாவையோ அப்பாவையோ ஒரு பாட்டு வாசிக்க வைப்பார். அவர் முறை முழுவதையும் நான் பின்பற்றவில்லை. ஆனால் இந்த ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டேன். முதல் இரண்டு வகுப்புகளில் வயலினைப் பெற்றோர் கையிலும் கொடுக்கிறேன். விரல் வைக்காத திறந்த தந்தியில் நேராக நான்கு முறை வில் இழுக்கச் சொல்கிறேன். பெரும்பாலும் மூன்றாவது இழுப்பில் வில் வழுக்கிக் குதிரைமேல் ஏறும், அல்லது கதவுக் கீல் போல ஒலிக்கும். அதன் பிறகு அந்த வீட்டில் “இது என்ன சத்தம்?” என்ற கேள்வி எழுவதில்லை.

காத்திருக்கும் நாற்காலியால் ஒரு காலத்தில் எனக்குத் தூக்கமே போனது. அறைக்கு வெளியே மூன்று நாற்காலிகள் போட்டிருந்தேன். அடுத்த வகுப்புக்காக வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து உள்ளே நடப்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் ஓர் அம்மா தன் மகனிடம், “பார், அந்தப் பெண் உனக்குப் பிறகு சேர்ந்தவள்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உள்ளே திரும்பிப் பார்த்தபோது என் சுவரிலேயே ஒரு நட்சத்திரப் பட்டியல் தொங்கிக்கொண்டிருந்தது. யார் எத்தனை நாள் பயிற்சி செய்தார்கள் என்று பெயர்வாரியாக, பளபளக்கும் நட்சத்திரங்களோடு. அந்த அம்மா வாயால் சொன்னதை நான் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அன்று மாலையே பட்டியலைக் கழற்றினேன். வகுப்புகளுக்கு இடையில் 10 நிமிட இடைவெளி விட்டேன். ஒருவர் போன பிறகே அடுத்தவர் வருவார். நட்சத்திரம் வேண்டுமென்ற பிள்ளைகளுக்கு அவரவர் நோட்டுப் புத்தகத்திலேயே ஒட்டுகிறேன்.

நோட்டுப் புத்தகத்தில் வாரத்துக்கு மூன்றே வரிகள் எழுதுவேன். முன்பெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவேன்; யாரும் படித்ததில்லை. “தினமும் 30 நிமிடம் பயிற்சி செய்” என்று எழுதுவதையும் நிறுத்தினேன். கடிகாரத்தைப் பார்த்து வாசிக்கும் பிள்ளை கடிகாரத்தைத்தான் கற்றுக்கொள்கிறது. இப்போது எழுதுவது இப்படி இருக்கும்: “இரண்டாம் வரியில் நான்காவது விரல் வரும் இடம், மெதுவாக ஐந்து முறை. பழைய பாட்டில் பிடித்த ஒன்று. பெட்டியை மட்டும் திறந்து மூடினாலும் அன்று கணக்கில் உண்டு.” மூன்றாவது வரியைப் படித்து ஓர் அப்பா சிரித்தார். ஆனால் பெட்டியைத் திறந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதை உடனே மூடுவதில்லை.

பெரியவர்களை வரவேற்பதுதான் கடினம். குழந்தைக்குத் தெரியாது என்பதில் வெட்கமில்லை. அறுபதைக் கடந்த ஒருவர் என்னிடம் சேர்ந்தார். பெரிய பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்றவர். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் “மன்னிக்கவும் டீச்சர்” என்பார். ஒரு வகுப்பில் எண்ணிப் பார்த்தேன்: 31 மன்னிப்புகள். வில் பிடித்த கை நடுங்கியது. நடுங்குவதைப் பார்த்து இன்னும் இறுக்கினார். இறுக்கியதால் நடுக்கம் கூடியது. நான் இரண்டு மாற்றங்கள் செய்தேன். முழு வில்லை விட்டுவிட்டு, நடுப்பகுதியில் ஒரு சாண் அளவு மட்டும் இழுக்கச் சொன்னேன். பிறகு, அவர் திறந்த டி தந்தியை மட்டும் நீளமாக இழுக்க, அதன்மேல் நான் ஒரு மெட்டு வாசித்தேன். அவருடைய ஒரே ஸ்வரம் திடீரென்று ஒரு பாட்டின் அடித்தளம் ஆனது. வாசித்து முடித்ததும் மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டார். இன்னொரு தடவை வாசிக்கலாமா என்றார்.

பெரியவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடும் ஒன்று உண்டு: “சார், வாரத்தில் பயிற்சி செய்ய முடியவில்லை என்றாலும் வாருங்கள். இங்கேயே பயிற்சி செய்வோம்.” பயிற்சி செய்யாததால் வெட்கப்பட்டு ஒரு வகுப்பைத் தவிர்ப்பார்கள், அந்த வெட்கம் அடுத்த வாரம் இரட்டிப்பாகும், மூன்றாம் வாரம் “வேலை அதிகம், நிறுத்திக்கொள்கிறேன்” என்று செய்தி வரும். இந்தப் பாதையில் குறைந்தது ஏழெட்டுப் பேரை இழந்திருக்கிறேன்.

இப்போது பணம். அன்பான ஆசிரியர்கள் தடுக்கி விழும் இடம் இது. நானும் நன்றாகவே விழுந்தேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் கட்டணம் வாங்குவேன். மறந்து வந்தால் “பரவாயில்லை, அடுத்த முறை” என்பேன். வராத வகுப்புக்கு ஈடாக எப்போது கேட்டாலும் நேரம் ஒதுக்குவேன். ஓராண்டில், ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஈடு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு குடும்பங்கள் இரண்டு மாதக் கட்டணத்தை மறந்திருந்தன. அவர்களிடம் கேட்கக் கூசினேன். கூச்சம் மெல்ல எரிச்சல் ஆனது. அந்த எரிச்சல், ஒன்றும் அறியாத அவர்கள் வீட்டுப் பிள்ளையின் வில் பிடிப்பைத் திருத்தும்போது என் குரலில் வந்தது. அதை நானே கேட்ட அன்று வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு ஒரு பக்கத்தில் எழுதினேன். 12 வாரம் ஒரு பருவம். அதில் 11 தனி வகுப்புகள். 12ஆவது வாரம் விடுபட்டவர்களுக்கான ஈடு வகுப்பு வாரம். கட்டணம் பருவத் தொடக்கத்தில், வேண்டுமென்றால் மூன்று தவணையாக. 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் ஈடு உண்டு. சொல்லாமல் வராவிட்டால் இல்லை. திடீர்க் காய்ச்சலுக்கு மட்டும் விலக்கு. இருமிக்கொண்டு வகுப்புக்கு வரச் சொல்லும் விதி யாருக்கும் நல்லதில்லை. நான் ரத்துசெய்தால் அது எப்போதும் என் கணக்கு. கட்டணப் பேச்சு கடிதத்திலோ தொலைபேசியிலோ மட்டும். வாசலில், பிள்ளையின் காதில் விழும்படி ஒருபோதும் இல்லை.

இந்தத் தாளைக் கொடுத்தால் எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று நடுங்கினேன். ஒரே ஒரு குடும்பம் விலகியது. மீதிப் பேரில் ஓர் அம்மா சொன்னதை இன்னும் மறக்கவில்லை: “அப்பாடா, மிஸ். எப்போது, எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு வாரமும் கவரைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினேன்.” ஏழு வயதுச் சிறுமி நின்ற அதே இடத்தில்தான் அவரும் நின்றிருக்கிறார்.

தாளின் கடைசி வரி: “கட்டணம் சிரமமானால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். காரணம் கேட்க மாட்டேன்.” எப்போதும் இரண்டு இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். யார் என்று இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டுக்கு மேல் ஒதுக்கினால் எனக்குத் தாங்காது என்பதையும் கணக்குப் போட்டே வைத்திருக்கிறேன்.

உடம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பலமாக வாசிக்கும் வயலின் வாசிப்பவரின் இடது காதருகே 90 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரத்தில் பாதி என்பது அமெரிக்கப் பணிச்சூழல் நலத் துறை நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் வரம்பு. அதாவது 91இல் இரண்டே மணி நேரம். நாளெல்லாம் பிள்ளைகளோடு வாசிக்கும் எனக்கு இது தெரிந்தபோது வயது முப்பத்தைந்து. இரவில் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கத் தொடங்கியிருந்தது. இப்போது இடது காதில் இசைக்கலைஞர்களுக்கான, 15 டெசிபெல் மட்டும் குறைக்கும் காதடைப்பான் போட்டுக்கொள்கிறேன். சாதாரணப் பஞ்சு உயர் ஒலிகளை அதிகமாக விழுங்கி எல்லாவற்றையும் மந்தமாக்கிவிடும்; இது எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு வகுப்புகளுக்கு மேல் வைப்பதும் இல்லை. எட்டு வைத்திருந்த காலத்தில் எட்டாவது பிள்ளைக்குக் கிடைத்தது என் மிச்சம். அது நியாயமில்லை.

கிரேடு தேர்வுகள் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். பிரிட்டனில் 1889இல் தொடங்கிய இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் எட்டு நிலைத் தேர்வுகளை என் மாணவர்களில் சிலர் எழுதுகிறார்கள். செயல்முறைத் தேர்வில் 150க்கு 100 வாங்கினால் தேர்ச்சி. இலக்கு இருந்தால் மலரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இது நல்லது. மற்றவர்களை அனுப்புவதில்லை. தேர்வு எழுதினால்தான் இங்கே முன்னேற்றம் என்ற பேச்சுக்கு இடம் கொடுப்பதுமில்லை. இதற்குமேல் இதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆண்டு நிகழ்ச்சியை நான் கெடுத்துக்கொண்ட கதையைச் சொல்லலாம். முதல் நிகழ்ச்சியில் நிரலைத் தரவரிசைப்படி போட்டேன்: சுலபமானது முதலில், கடினமானது கடைசியில். அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று அச்சடித்துக் கொடுத்தது போலாயிற்று. ஆரம்ப நிலையில் இருந்த பெரியவர் ஒருவரின் பெயர் ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் நடுவே இருந்தது. அவர் அன்று வரவில்லை. காரணம் கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

இப்போது பெரிய அரங்கு கிடையாது. பருவத்துக்கு ஒருமுறை, ஏழெட்டுப் பேர், இந்த அறையிலேயே. நிரலைச் சீட்டுக் குலுக்கித்தான் போடுகிறோம். யாரும் தனியாக வாசிக்க வேண்டிய கட்டாயமில்லை. நான் கூடவே இரண்டாம் வயலின் வாசிப்பேன். புதிதாகச் சேர்ந்தவருக்கு எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் பாட்டில் திறந்த டி தந்தி மட்டும். ஒரு வாரம் கற்றவராலும் அதைச் செய்ய முடியும். என் பங்குக்கு, அப்போது நான் பழகிக்கொண்டிருக்கும், இன்னும் சரியாக வராத ஒன்றை வாசிப்பேன். முதல்முறை நடுவில் தடுமாறி நின்றுவிட்டேன். “பரவாயில்லை மிஸ், மெதுவாக ஐந்து முறை வாசியுங்கள்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. என் நோட்டுப் புத்தக வரி எனக்கே திரும்பி வந்தது.

விலகுபவர்களுக்கும் ஒரு கதவு வேண்டும். திடீரென்று ஒரு செய்தியோடு நின்றுபோவதால் இரு பக்கமும் முள்ளாய் உறுத்தும். நிறுத்தப்போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: கடைசியாக ஒரு வகுப்புக்கு வாருங்கள். அன்று பாடம் கிடையாது. நோட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, பிடித்த பாட்டுகளையெல்லாம் வாசிப்போம். பாத அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புவேன். முதல் வாரத்தில் வரைந்த பாதத்தின் மேல் நின்று பார்த்தால் இப்போது குதிகால் வெளியே நிற்கும். இப்படிப் போனவர்களில் மூன்று பேர் ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். சொல்லாமல் நின்றவர்களில் ஒருவரும் வந்ததில்லை.

பதின்வயதுப் பிள்ளைகள் விஷயத்தில்தான் இன்னும் தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்கிறேன். பாத அட்டை அவர்களுக்குக் குழந்தைத்தனம். பழைய பாட்டு அலுப்பு. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இப்போது வருகிறான். அம்மாவின் கட்டாயத்துக்காக வருகிறான் என்பது பெட்டியைத் திறக்கும் வேகத்திலேயே தெரியும். நான் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில். மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் நான் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, அவன் எதையோ முனகிக்கொண்டிருந்தான். கணினி விளையாட்டு ஒன்றில் வரும் மெட்டாம். ஜி மேஜர் ஸ்கேல் என்ற ஸ்வர வரிசையில் அழகாகப் பொருந்தியது. முதல் இரண்டு வரிகளை அங்கேயே குறிப்பெழுதிக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

இந்த வாரம் மூன்றாவது வரியோடு வந்தான். தானே காதால் கேட்டுப் பிடித்திருக்கிறான். எழுதியும் வைத்திருக்கிறான், பென்சிலால், கோணல்மாணலாக. வாசித்தான். இரண்டு இடங்களில் எஃப் ஷார்ப் வர வேண்டிய இடத்தில் வெறும் எஃப் வாசிக்கிறான். நான் இன்னும் சொல்லவில்லை.